கல்லாவியிலிருந்து வரவேண்டிய மூன்றாவது ஆள்

அழுத்தமானியின் ஊசி இன்னும் அசையவில்லை. சனிக்கிழமை காலை எட்டரை மணி நிலவரம் இது. சொன்னவர் அன்வர், ஓசூர் தொழிற்பேட்டையில் வெல்டர். பட்டறைக்கு எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். வெள்ளிக்கிழமை மாலை பம்பை அடைத்ததிலிருந்து டேங்க் தானாக நிற்கிறது, உள்ளே வெற்றிடம் கெடவில்லை என்றார். அரை மணி கழித்து டாக்டர் சுகந்தியிடம் பேசினேன். அவரும் அதையே சொன்னார். இருவரும் தனித்தனியாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன். ஆனால் இதற்கு முன் மூன்று தடவையும் முதல் நாள் ஊசி இப்படித்தான் சும்மா இருந்தது. இரண்டாம் நாள் காலையில் வந்து பார்த்தபோதுதான் ஏறியிருந்தது.

இந்தப் பயணம் 1996 ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம் போனது. ஓசூரில் பால் டேங்கும் சாயத் தொட்டியும் செய்கிற ஒரு சிறு பட்டறை, அணுக்கரு ஆராய்ச்சிக்கு ஒரு கலம் செய்கிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றி எழுதத்தான் கிளம்பினேன். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று மாற்றுச் சட்டை ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன். நான்கு நாள் ஆனது. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் வழியையும் நேரத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்து. ஒன்றேகால் மணி நேரத்தில் போகவேண்டியது, எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் அடைத்து நின்றதால் இரண்டு மணி நேரம் ஆனது. ஜனவரியில் இங்கே பனிமூட்டம் ஒன்பது மணி வரை கலையாது. லாரிகளின் விளக்குகள் தெரிந்தன, லாரிகள் தெரியவில்லை. தொழிற்பேட்டைக்கு ஆட்டோவில் போனேன். ஷிப்டு மாறும் நேரம். பனிக்குள்ளிருந்து சைக்கிள் மணியாக வந்து, பக்கத்தில் ஆளாக மாறி, மறுபடி பனிக்குள் போனார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அந்தப் பனிக்குள் கேட்டன.

பட்டறையின் நடுவில் அந்த டேங்க் நின்றது. பளபளவென்று துருப்பிடிக்காத எஃகு. ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்காரலாம். மேலே ஆள் நுழைய ஒரு வாய், கல்யாணச் சமையல் அண்டாவின் வாயளவு. சுகந்திதான் இதற்கு வரைபடம் போட்டவர். பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறார், நாற்பது வயது இருக்கும். பட்டறைக்காரர்கள் அவரை 'மேடம்' என்கிறார்கள். அவர் அவர்களைப் பெயரோடு 'அண்ணா' சேர்த்துக் கூப்பிடுகிறார்.

எதற்கு இந்தக் கலம் என்று கேட்டேன். பக்கத்து டீக்கடையில் வைத்துச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

பெரிலியம் என்றொரு தனிமம். அதன் கருவில் நான்கு புரோட்டான். நான்கு நியூட்ரான் மட்டும் சேர்ந்தால் அந்தக் கரு நிற்காது, கண்சிமிட்டும் நேரம்கூட இல்லாமல் இரண்டு ஹீலியக் கருவாகப் பிரிந்துவிடும். ஐந்தாவதாக ஒரு நியூட்ரான் வந்தால் எப்போதைக்குமாக நிற்கும். அதாவது அதை இரண்டு ஹீலியக் கட்டியும் நடுவில் ஒரு நியூட்ரானும் என்று பார்க்கலாம். மூன்றில் எதை எடுத்தாலும் மற்ற இரண்டு தனியே சேர்ந்து நிற்காது. கட்டியும் கட்டியும் நிற்காது, கட்டியும் நியூட்ரானும் நிற்காது. மூன்றும் இருந்தால்தான் உண்டு.

"இன்னும் மூணு நியூட்ரான் கூடுதலா போட்டா என்ன ஆகும்? அந்த ரெண்டு கட்டியும் தனித்தனியாவே இருக்குமா, இல்ல கரைஞ்சு ஒரே உருண்டை ஆயிடுமா? அதுதான் சார் கேள்வி" என்றார். அப்படிப்பட்ட கருவை வேகமாக ஓட்டி ஓர் இலக்கில் மோதி உடைத்து, இரண்டு துண்டும் எந்தக் கோணத்தில் பறக்கின்றன என்று பார்க்க வேண்டும். காற்று இருந்தால் துண்டுகள் அதில் முட்டித் திசை மாறும். அதனால் உள்ளே ஒன்றுமே இருக்கக்கூடாது. கடல் கடந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் வரும் ஜூன் மாதம் அவருக்கு முறை கிடைத்திருக்கிறது. ஐந்து வருடம் காத்திருந்து வாங்கிய முறை. ஜனவரி கடைசியில் கலம் சென்னைத் துறைமுகத்துக்குப் போகாவிட்டால் அந்த முறை வேறொருவருக்குப் போய்விடும்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அன்வர், "அது எங்க மூணு பேரு மாதிரிதான் மேடம்" என்றார்.

"ஆமாமா. நடுவுல கீற ஒத்த ஆளு நான்தான்" என்றார் முனியப்பன். இவர் வெல்டிங் வாயு சிலிண்டரைப் பார்த்துக்கொள்கிறவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "என்னை எடுத்துட்டா ரெண்டு கட்டியும் டீக்கடையில போய் உழுந்துரும்."

"இப்பவும் டீக்கடையிலதானப்பா கீறோம்" என்றார் அன்வர். எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் அங்கே இல்லை.

அந்த மூன்று பேர் கணக்கு இப்படி வந்தது. நான்கு வருடம் முன்பு இதே பட்டறைக் கூடத்தில் ஒரு பால் டேங்குக்குள் திம்மராயன் என்ற வெல்டர் இறந்துபோனார். எஃகை வெல்டிங் செய்யும்போது ஆர்கான் வாயு விடுவார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம், தண்ணீர் போல அடியில் தேங்கி, மூச்சுவிடக் காற்றில்லாமல் செய்துவிடும். உள்ளே குனிந்தவர் நிமிரவில்லை. அதற்குப் பிறகு இவர்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். உள்ளே ஒருவர், அது அன்வர். வாயருகே ஒருவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு. அது ஊத்தங்கரைப் பக்கம் கல்லாவி ஊர்க்காரர் சின்னசாமி. சிலிண்டர் பக்கம் முனியப்பன். சின்னசாமி ஸ்பானரால் டேங்கில் ஒரு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டு வராவிட்டால் கயிற்றை இழுப்பது, வாயுவை அடைப்பது, கேள்வி கிடையாது. மூவரில் ஒருவர் வரவில்லை என்றால் மற்ற இருவரும் எந்த டேங்குக்குள்ளும் தலையை விடமாட்டார்கள். முதலாளியும் இதை ஒத்துக்கொண்டுவிட்டார்.

சுகந்தியின் டேங்க் டிசம்பரிலேயே முடிந்தது. பம்பு வைத்துக் காற்றை இழுத்தார்கள், ஊசி இறங்கியது. பம்பை அடைத்தார்கள். முதல் நாள் அசைவில்லை. இரண்டாம் நாள் காலை ஏறியிருந்தது. எங்கோ ஓட்டை என்று நினைத்து, வெளியே ஒவ்வொரு வெல்டிங் தையலிலும் ஹீலியம் தெளித்துப் பார்த்தார்கள். கசிவு காட்டும் கருவி ஒன்றும் காட்டவில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ கூடிக்கொண்டிருந்தது. மூன்று முறை இப்படி. மூன்றாம் முறை சின்னசாமி டேங்கில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாராம்.

"அப்புறம் ஸ்பானரத் துடைச்சுப் பெட்டியில வெச்சாரு. 'உள்ள மூச்சு உடறான் பாய்'னாரு. மத்தியானம் பஸ் ஏறிட்டாரு" என்றார் அன்வர்.

டேங்கைத் திறந்து உள்ளே பார்க்காமல் காரணம் தெரியாது. மூன்றாவது ஆள் இல்லாமல் இருவரும் திறக்கமாட்டார்கள். வெளியிலிருந்து ஆள் கொண்டுவரலாமே என்று சுகந்தி கேட்டதற்கு முனியப்பன் கன்னடத்தில் "பேடா மேடம்" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். மறுநாள் கல்லாவிக்குப் போவதாகச் சுகந்தி சொன்னார். நானும் வருகிறேன் என்றேன்.

புதன்கிழமை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், காலை ஏழு மணிப் பேருந்து, கட்டணம் ஒன்பது ரூபாய். சூளகிரி வரை பனி. மலையின் அடிப்பாகம் தெரியாமல் மேல்பாறை மட்டும் மிதந்தது. பேருந்தில் சுகந்தி இன்னொன்று சொன்னார். லித்தியத்தில் ஒரு வகை இருக்கிறதாம், மூன்று புரோட்டான், எட்டு நியூட்ரான். கடைசி இரண்டு நியூட்ரான்கள் கருவோடு ஒட்டாமல் வெகுதூரம் தள்ளி உலாவுகின்றன. பத்துப் பதினோரு வருடம் முன்பு அளந்து பார்த்தபோது, அவ்வளவு சிறிய கரு ஈயத்தின் கரு அளவுக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"அதுங்க அங்க இருக்க முடியாது சார். சாதாரணக் கணக்குப்படி அந்த இடத்துக்குப் போறதுக்கே அதுங்களுக்குச் சக்தி கிடையாது. ஆனா பெரும்பாலான நேரம் அங்கதான் இருக்கு."

"இருக்க முடியாத இடத்திலா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கிருஷ்ணகிரியில் எட்டரை மணிக்கு வெயில் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்கு வெளியே இட்லி நன்றாக இருக்கும், சட்னி காரம். ஊத்தங்கரைப் பேருந்து மத்தூர் வழியாகப் போகிறது, நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சாலையின் இரு பக்கமும் மாந்தோப்புகள் பூத்திருந்தன. இந்த மாதத்தில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்காருங்கள், பூ மணம் ஒரு மணி நேரத்துக்கு விடாது. ஊத்தங்கரையில் கல்லாவிக்கு நகரப் பேருந்து. முக்கால் மணிக்கு ஒன்று என்றார்கள். நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம்.

கண்டக்டர் எங்களைப் பார்த்து, "கல்லாவியில யார் ஊட்டுக்குங்க? கல்யாணமா, காரியமா?" என்றார்.

"ஒரு ஆளைக் கூட்டிவரப் போறோம்" என்றேன்.

"கூப்பிட்டா வர ஆளுன்னா கடுதாசி போட்டாலே வந்துருக்குமே" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

கல்லாவியில் இறங்கிக் கடைத்தெருவில் விசாரித்து ஒரு கிலோமீட்டர் நடந்தோம். தூரத்திலேயே சத்தம் கேட்டது. டொக், டொக் என்று, ஒழுங்கில்லாமல், பல கைகளில். சுகந்தி நின்றுவிட்டார். அருகில் போனதும் தெரிந்தது. புளி அறுவடைக் காலம். வீட்டு முன்னால் பெண்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து கட்டையால் புளியம்பழத்தைத் தட்டி ஓடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னசாமி வீட்டின் பின்பக்கம், அந்தச் சத்தத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. எங்களைக் கண்டதும் எழுந்து துண்டை உதறிக் கயிற்றுக் கட்டிலில் போட்டார்.

"இந்த வெயில்ல எதுக்கும்மா நீங்க வந்தீங்க. பாய்கிட்டச் சொல்லி உட்டிருந்தா..."

"சொல்லி விட்டா வந்திருப்பீங்களாண்ணா?"

"வந்திருக்கமாட்டேன்" என்றார்.

அவர் மனைவி மாதம்மா மோர் கொண்டுவந்தார். "ராத்திரி பகல் தெரியலீங்க இவருக்கு. நாங்க புளி தட்டனா எந்திரிச்சு ஒக்காந்துக்கறாரு. யாரு தட்டுனா, யாரு தட்டுனான்னு கேக்கறாரு. ஊரே தட்டுது, நான் யாரன்னு சொல்றது?"

சின்னசாமி அதைக் கேட்டும் கோபப்படவில்லை. திம்மராயன் இறந்த நாளை அவராகவே சொன்னார். அன்று அவர் பக்கத்து மேஜையில் அரம் போட்டுக்கொண்டிருந்தார். வாயருகே ஆள் நிற்கிற வழக்கம் அப்போது இல்லை.

"உள்ளருந்து ரெண்டு தட்டு கேட்டுதுங்க. வேல செய்யறான்னு நெனச்சேன். அரத்த வெக்கல. கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் போய்ப் பாத்தேன். அது கூப்பிட்ட தட்டு."

இரண்டு தட்டு என்ற முறை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுகந்தி மோரைக் கீழே வைத்தார்.

"இப்ப என் டேங்க்ல ஏதாவது கேட்டீங்களாண்ணா?"

"கேட்டது சும்மா இரும்புச் சத்தம்னு வெச்சுக்கலாம்மா. ஆனா ஊசி? ஊசி பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அவன் பங்க எடுத்துக்கினு கீறான். நான்தான வெச்சேன்."

"என்ன வெச்சீங்க?"

"கற்பூரம்."

திம்மராயனுக்குப் பிறகு, எந்த டேங்க் வேலை முடிந்தாலும் மூடுவதற்கு முன் சின்னசாமி ஒரு கற்பூரத்தைக் கரண்டியில் ஏற்றி உள்ளே இறக்குவார். சுடர் நின்றால் காற்று இருக்கிறது, அணைந்தால் ஆர்கான் தேங்கியிருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. கூடவே யாருக்கும் தெரியாமல் ஏற்றாத கட்டி ஒன்றை உள்ளேயே விட்டுவிடுவார். அது திம்மராயனுக்கு. பால் டேங்கும் சாயத் தொட்டியும் போகிற இடத்தில் முதலில் நீராவி விட்டுக் கழுவுவார்கள். இத்தனை வருடத்தில் ஒருவரும் கண்டதில்லை. சுகந்தியின் டேங்கில் வழவழவென்று எங்கும் ஒளிக்க இடமில்லை. அதனால் உள் வளையத்தில் ஒரு போல்ட்டுக்கான குழியில் கட்டியைப் போட்டு, மேலே போல்ட்டை முறுக்கிவிட்டார்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். கற்பூரம் எரியாமலேயே காற்றில் கரைந்து போகும் பொருள். வெற்றிடத்தில் இன்னும் வேகமாகப் போகும். போல்ட் இறுகியிருப்பதால் மரையின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து டேங்கை நிரப்புகிறது. ஓட்டை இல்லாமலே ஊசி ஏறியதற்கு அதுதான் காரணம்.

சின்னசாமி தலையாட்டினார். "அதத்தான்மா நானும் சொல்றேன். கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கறான்."

"எந்த போல்ட்டுண்ணா?"

உள்ளே நாற்பதுக்கு மேல் போல்ட்டுகள். கருவிகள் உட்காரும் வளையத்தை அவைதான் பிடித்திருக்கின்றன. எல்லாவற்றையும் தளர்த்தினால் வளையத்தின் நிலை கெடும், மறுபடி சரியாக வைக்க மூன்று வாரம் ஆகும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றவை பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் சுகந்தி சொன்னார். ஜூன் மாதத்தையும் சொன்னார். சின்னசாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவனுக்கு வெச்சத எடுக்கச் சொல்றீங்க."

மாதம்மா இடையில் புகுந்தார். "வெளிய ஒரு மூலையில வெச்சா அவன் எடுத்துக்கமாட்டானா? நம்மூட்டுல சாமிக்கு வெளியதான வெக்கறோம்?"

"வெளிய வெச்சா அவனுக்கு எப்பிடிடி தெரியும்? அவன்தான் வெளிய வரவே இல்லியே. பொணத்தத்தான் எடுத்தோம்."

முன்பக்கம் புளி தட்டும் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றது. பெண்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் கட்டையைக் கீழே வைத்தார். சின்னசாமி சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிப் பேருந்துக்கு எங்களை அனுப்பினார். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. ஓசூர் திரும்பும் பேருந்தில் சுகந்தியிடம், கருவைப் போலத்தான் மனிதர்களுமோ என்று நான் ஏதோ சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் சார். மனுஷங்களை வெச்சுக் கருவைப் புரிஞ்சுக்க முடியாது, கருவை வெச்சு மனுஷங்களையும். கணக்கு வேற" என்றார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சின்னசாமி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. யாரிடமும் பேசாமல் பெட்டியைத் திறந்து ஸ்பானரை எடுத்தார். முனியப்பன், "வாய்யா, ஒரு வாரமா ரெண்டு கட்டியும் ஒடம்பு சரியில்லாமக் கெடக்குது" என்றார். சின்னசாமிக்குப் புரியவில்லை. ஆனாலும் லேசாகச் சிரித்தார்.

பிறகு நிபந்தனையைச் சொன்னார். அன்வர் உள்ளே போகக்கூடாது. "பாய் வெக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. கேக்கறவங்க எடுக்கட்டும்." சுகந்தியைப் பார்த்தார். "நீங்க போங்கம்மா. அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடுங்க."

அன்வர் வேண்டாம் என்றார். சுகந்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

மூடியைக் கழற்றி ஒரு மணி நேரம் மின்விசிறியால் உள்ளே காற்று அடித்தார்கள். சின்னசாமி பையிலிருந்து கற்பூரத்தை எடுத்ததும் சுகந்தி, "மறுபடியுமா!" என்றார். முனியப்பன் ஓடிப்போய் ஸ்பிரிட் விளக்கு ஒன்று கொண்டுவந்தார். அதை இறக்கினார்கள். சுடர் அடிவரை நேராக நின்றது. சுகந்தியின் இடுப்பில் கயிறு கட்டினார்கள். டார்ச் பிடித்தால் ஒரு கை போய்விடும் என்று, மின்கம்பியில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டார்கள். அவர் உள்ளே இறங்கினார்.

சின்னசாமி ஒரு தட்டு தட்டினார். உள்ளிருந்து இரண்டு.

"மேல் வளையம்மா. சோத்துக்கை பக்கம், வெல்டிங் தழும்புலருந்து மூணாவது" என்றார். குரல் டேங்குக்குள் போய் வேறு குரலாகத் திரும்பியது.

ஒரு தட்டு. இரண்டு. கொஞ்ச நேரம் போல்ட் கிரீச்சிடும் சத்தம். ஒரு தட்டு. இரண்டு.

அப்போது மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது, உள்ளே விளக்கு அணைந்தது. பக்கத்துப் பட்டறைகளும் நின்றன. தொழிற்பேட்டையில் பகல் நேரத்தில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. சின்னசாமி ஒரு தட்டு தட்டினார். பதிலில்லை. கயிற்றைக் கையில் சுற்றினார். அதே நொடியில் இரண்டு தட்டு வந்தது, தெளிவாக, அடியிலிருந்து. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தட்டு வந்தால் இழுக்க வேண்டியதில்லை என்பதுதான் முறை. அவர் இழுத்தார். அன்வரும் முனியப்பனும் சேர்ந்து இழுத்தார்கள். சுகந்தியின் தலை வாய்க்கு மேலே வந்தது.

"ஏன் இழுத்தீங்க? கிடைச்சிடுச்சு" என்றார். ஸ்பானரைப் பல்லில் கடித்திருந்ததால் தாடையைத் தேய்த்துக்கொண்டார். ஒரு கை மூடியிருந்தது, மறு கையில் போல்ட். "இருட்டுல போல்ட்ட விட்டுடக்கூடாதுன்னு ரெண்டு கையும் வேலையா இருந்தது. அதான் தட்ட முடியல."

சின்னசாமி கையில் சுற்றிய கயிற்றை இன்னும் விடவில்லை.

"இரும்பு குளிர்ந்தா சத்தம் வரும்" என்றார் அன்வர். சுகந்தியும் அதை ஒப்புக்கொண்டார். இறுகியிருந்த வளையம் ஒரு போல்ட் போனதும் கொஞ்சம் அசைந்திருக்கும், அப்போது சொடுக்கு விழும் என்றார். சரிதான். இரண்டு முறையா என்று கேட்டேன். "நான் உள்ளே இருந்தேன். எனக்கு எதுவும் கேட்கலை" என்றார். நான் கேட்டது இரண்டு. வெளியே நின்ற மற்ற மூவரும் கேட்டதாகச் சொன்னார்கள்.

சுகந்தி மூடிய கையை விரித்தார். துவரம்பருப்பு அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது, வெள்ளையாக, ஓரங்கள் உருண்டு.

"கேட்டுட்டு எடுத்தீங்களாம்மா?" என்றார் சின்னசாமி.

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பதில் வர்றதுக்குள்ள நீங்கதான் கயித்த இழுத்துட்டீங்களே" என்றார் சுகந்தி.

முனியப்பன் வாயைப் பொத்திக்கொண்டார். சுகந்தி விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. திம்மராயன் இறந்த பால் டேங்க் எங்கே நின்றது என்று அன்வரிடம் கேட்டு, அந்த மூலையில் தரையில் கற்பூரத்தை வைத்துவிட்டு வந்தார். மாலையில் நான் போய்ப் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. அந்த அளவுக் கற்பூரம் வெயில்பட்ட சிமெண்டுத் தரையில் அவ்வளவு நேரம் தாங்காதுதான்.

வெள்ளிக்கிழமை டேங்கைச் சுத்தம் செய்து, சூடேற்றி, மூடினார்கள். மாலை நான்கு மணிக்குப் பம்பை அடைத்தார்கள். நான் ஐந்து மணிப் பேருந்தில் கிளம்பினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஓசூருக்கு ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். கிருஷ்ணகிரியில் இரவு தங்குவது வசதி, ஊத்தங்கரைப் பக்கம் விடுதிகளை நம்ப முடியாது. கல்லாவியிலிருந்து திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புதுப் புளி மலிவு, நார் எடுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். பட்டறைகளைப் பார்க்க முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்குங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். எந்தத் தொட்டிக்குள்ளும், வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், படம் எடுக்கக்கூடத் தலையை விடாதீர்கள். ஆபத்து கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் இருக்கும். வாயருகே ஆள் இல்லாத டேங்கை நான் இனி நெருங்கப்போவதில்லை.

இனி தெரியவேண்டியவை இரண்டு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரை ஊசி ஏறாமல் இருந்தால் புதன்கிழமை கலம் பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போகும். ஏறினால் ஜூன் மாத முறை போனதுதான். கலம் போய்ச் சேர்ந்தால், அந்த இரண்டு கட்டிகளும் கூடுதல் நியூட்ரான்களுக்கு நடுவில் இன்னும் தனித்தனியாக இருக்கின்றனவா என்பது ஜூனில் அளந்து, கணக்குப் பார்த்துத் தெரிய அடுத்த வருடம் ஆகும் என்கிறார் சுகந்தி.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பும்போது சின்னசாமி டேங்கின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூடி இறுகிவிட்டது, கயிற்றைச் சுருட்டி வைத்தாயிற்று, வேலை நேரமும் முடிந்துவிட்டது. உள்ளேதான் யாரும் இல்லையே, வீட்டுக்குப் போகலாமே என்றேன்.

"உள்ள ஆள் இல்லன்னு தெரிஞ்சாத்தான் சார் வாய்க்கிட்ட நிக்கறவன் எந்திரிக்கணும்" என்றார். "செவ்வாக்கெழம பத்து மணிக்குத் தெரிஞ்சுரும்."